அதே .எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பு வீட்டில் ஒரு நிறம், அலுவலகத்தில் வேறு நிறம் காட்டுவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது. வீட்டில் டெபியன், அலுவலகத்தில் ஃபெடோரா, இரண்டுமே லினக்ஸ். இரண்டிலும் லைட்டிஎம் என்ற நிரல் வழியாக லாகின், இரண்டிலும் ஐ3 என்ற சன்னல் மேலாளர். ஹோம் அடைவில் இருக்கும், நிரல்களுக்கு நிறம், எழுத்துரு எல்லாம் சொல்லும் .எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பு ஓர் எழுத்துகூட மாறாத நகல். வீட்டில் சோலரைஸ்டு நிறங்கள் ஒழுங்காக வருகின்றன. அலுவலகத்தில் எக்ஸ்டெர்ம் டெர்மினல் பழைய வெறும் நிறத்தில் திறக்கிறது, ஐ3 சன்னல் ஓரங்களும் அப்படியே. கோப்பை ஏற்றும் எக்ஸ்ஆர்டிபி கட்டளையைக் கையால் ஓட்டினால், அடுத்துத் திறக்கும் டெர்மினலில் நிறம் வந்துவிடுகிறது. வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் போச்சு. டெஸ்க்டாப்புகள் இந்தக் கோப்பை எப்படித்தான் படிக்கின்றன?

முதலில் ஒன்று: உங்கள் விஷயத்தில் இந்தக் கோப்பை ஏற்றுவது டெஸ்க்டாப்பே இல்லை. ஐ3 எழுந்திருப்பதற்கு முன்னாலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது. கடவுச்சொல்லைச் சரிபார்த்ததும் லைட்டிஎம் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. டெபியனில் அது /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன். ஃபெடோராவில் /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்இனிட்/எக்ஸ்செஷன். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், எழுதியவர்கள் வேறு. டெபியன் ஸ்கிரிப்ட் தன் பக்கத்திலுள்ள எக்ஸ்செஷன்.டி அடைவிலிருக்கும் துண்டுகளை வரிசையாக ஓட்டும். அதில் 30 என்று தொடங்கும் ஒரு துண்டு, முதலில் கணினிக்குப் பொதுவான ரிசோர்ஸ்களையும் (நிறம், எழுத்துரு மாதிரி அமைப்பு மதிப்புகள்) அப்புறம் உங்கள் கோப்பையும் "எக்ஸ்ஆர்டிபி -மெர்ஜ்" என்று ஏற்றுகிறது. ஃபெடோராவில் எக்ஸ்இனிட்ஆர்சி-காமன் என்ற கோப்பு இதே வேலையைச் செய்கிறது, ஆனால் "எக்ஸ்ஆர்டிபி -நோசிபிபி -மெர்ஜ்" என்று. நடுவில் இருக்கும் அந்த -நோசிபிபி தான் உங்கள் நிறங்களை விழுங்கியது.

எக்ஸ்ஆர்டிபி சாதாரணமாக உங்கள் கோப்பை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. முதலில் அதை சி மொழியின் பிரிபிராசசரான சிபிபியிடம் கொடுக்கிறது. அது #டிஃபைன், #இன்க்ளூட், #இஃப்டெஃப் வரிகளையெல்லாம் விரித்து, சமைத்து முடித்த வடிவத்தைத் திருப்பித் தருகிறது. எக்ஸ்ஆர்டிபி அதைத்தான் ஏற்றுகிறது. சோலரைஸ்டு நிறத்திட்டத்தின் எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பு முழுக்க இதை நம்பி எழுதப்பட்டது:

#டிஃபைன் எஸ்_பேஸ்0 #839496
*ஃபோர்கிரவுண்ட்: எஸ்_பேஸ்0

சிபிபி வழியாகப் போனால் இரண்டாவது வரி "*ஃபோர்கிரவுண்ட்: #839496" ஆகிறது. -நோசிபிபி போட்டால் மதிப்பு "எஸ்_பேஸ்0" என்ற வெறும் சொல்லாகவே நிற்கும். எக்ஸ்டெர்ம் அந்தப் பெயரில் ஒரு நிறத்தைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், பிழைச் செய்தி ஒன்றை முணுமுணுத்துவிட்டு இயல்பு நிறத்துக்குப் போய்விடும். டெர்மினலில் நீங்கள் கையால் ஓட்டியபோது -நோசிபிபி போடவில்லை, அதனால் எல்லாம் சரியாகிவிட்டது. கோப்பு ஒன்றுதான். வீட்டில் அதை ஒருவர் விரித்துப் படித்தார், அலுவலகத்தில் இன்னொருவர் எழுத்து மாறாமல் படித்தார்.

சந்தேகமிருந்தால் லாகின் செய்த கையோடு, வேறு எதையும் தொடாமல் "எக்ஸ்ஆர்டிபி -குவெரி" ஓட்டிப் பாருங்கள். மதிப்புகளில் #839496 மாதிரி எண்கள் தெரிந்தால் சிபிபி ஓடியிருக்கிறது. எஸ்_பேஸ்0 என்றே தெரிந்தால் ஓடவில்லை. ஒன்றுமே வராவிட்டால் கதை வேறு: எக்ஸ்ஆர்டிபி சிபிபியைக் கூப்பிட்டிருக்கும், ஆனால் கணினியில் சிபிபியே இருக்காது. ஆர்ச் லினக்ஸில் இது சகஜம். அங்கே எக்ஸ்ஆர்டிபி பொதிக்கு, சிபிபியைக் கொண்டுவரும் ஜிசிசி கம்பைலர் கட்டாயத் தேவை இல்லை, விருப்பத் தேவை மட்டுமே. ஜிசிசிக்குப் பதிலாக எம்சிபிபி என்ற சிறிய பிரிபிராசசரையும் வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தை மாற்ற சி கம்பைலரின் ஒரு துண்டு எதற்கு என்று தோன்றும். திரையில் சன்னல்களைக் காட்டும் எக்ஸ் என்ற அமைப்பு பிறந்த சூழ்நிலையைப் பார்த்தால் புரியும். 1984-இல் எம்ஐடியின் அத்தீனா திட்டத்தில் தொடங்கி, 1987-இல் பதினோராம் பதிப்பாக வந்தது அது. ஒரே பயனர் இன்று கறுப்பு-வெள்ளைத் திரை முன் உட்காருவார், நாளை வண்ணத் திரை முன். நிரல் ஒரு கணினியில் ஓடும், திரை இன்னொரு கணினியில் இருக்கும். அதனால் விருப்பங்களை நிரல் ஓடும் கணினியில் வைக்காமல், திரையைக் கட்டுப்படுத்தும் எக்ஸ் சர்வரிடமே ஒப்படைத்தார்கள். முதல் திரையின் ரூட் சன்னலில் ரிசோர்ஸ்_மேனேஜர் என்ற ஒரு பண்பாக அது உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கணினியிலிருந்து வரும் நிரலும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கோப்பை ஏற்றும்போது எக்ஸ்ஆர்டிபி அந்தத் திரையைப் பற்றிய தகவல்களை மேக்ரோக்களாக, அதாவது #டிஃபைன் செய்த பெயர்களாக, தருகிறது: விட்த், ஹைட், கலர், ஹோஸ்ட், எக்ஸ்_ரெசல்யூஷன் என்று ஒரு பட்டியல். "வண்ணத் திரையானால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி" என்று #இஃப்டெஃப் கலர் போட்டு எழுத முடிந்தது. "எக்ஸ்ஆர்டிபி -சிம்பல்ஸ்" ஓட்டினால் உங்கள் திரைக்கு என்னென்ன மேக்ரோக்கள் கிடைக்கின்றன என்று பார்க்கலாம். எக்ஸ்_ரெசல்யூஷன் அங்குலக் கணக்கு இல்லை, ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

அந்தக் காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. இன்றைக்கு அதன் பக்கவிளைவுகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. சிபிபிக்கு இது அமைப்புக் கோப்பு என்று தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாமே சி நிரல்தான். நீங்கள் ! போட்டுத் தொடங்கும் குறிப்பு வரி எக்ஸ்ஆர்டிபிக்குத்தான் குறிப்பு. சிபிபி அதையும் வார்த்தை வார்த்தையாகப் படிக்கும். குறிப்பில் ஆங்கிலத்தில் ஒற்றை மேற்கோள் குறி உள்ள சொல் ஒன்று இருந்தால், மேற்கோள் முடியவில்லையே என்று எச்சரிக்கும். அது வெறும் எச்சரிக்கைதான், விட்டுவிடலாம். மதிப்பில் எங்காவது / அடுத்து * என்று வந்தால் விஷயம் கைமீறிவிடும். சி மொழியில் அது குறிப்புரையின் தொடக்கம். அதற்கு அப்புறம் வரும் வரிகள் எல்லாம் காணாமல் போகும். அடைவுக்குள் எல்லாக் கோப்பும் என்று சொல்வதற்காக ஒரு பாதையின் கடைசியில் /* போட்டிருந்தால் போதும்.

எனக்கு நேர்ந்தது இன்னொன்று. எக்ஸ்டெர்மின் டெர்ம்நேம் ரிசோர்ஸுக்கு "லினக்ஸ்" என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் மதிப்பு கொடுத்திருந்தேன். டெர்மினலைத் திறந்து விஐ ஓட்டினால், "1" என்ற வகை டெர்மினலை எனக்குத் தெரியாது என்கிறது. 1 எங்கிருந்து வந்தது? ஜிசிசியின் சிபிபி, லினக்ஸ் கணினியில் ஓடும்போது அந்தச் சொல்லையே ஒரு மேக்ரோவாக முன்கூட்டியே அறிவித்து வைத்திருக்கிறது, மதிப்பு 1. "யூனிக்ஸ்" என்ற சொல்லுக்கும் அதே கதி. ஒரு மாலைப்பொழுது முழுக்க எக்ஸ்டெர்மைத் திட்டிவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன். "எக்ஸ்ஆர்டிபி -என்" என்று கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினால், எதையும் ஏற்றாமல், எதை ஏற்றியிருக்கும் என்பதை மட்டும் காட்டும். அன்று இது தெரிந்திருந்தால் மாலை மிச்சமாகியிருக்கும்.

சரி, குனோம், கேடிஇ போன்ற உண்மையான டெஸ்க்டாப்புகளுக்கு வருவோம். லாகின் ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை குனோமின் லாகின் நிரலான ஜிடிஎம் ஃபெடோராவின் பக்கம்: அதன் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்டிலும் -நோசிபிபி உண்டு. கேடிஇகாரர்கள் பயன்படுத்தும் எஸ்டிடிஎம் டெபியன் பக்கம்: வெறும் -மெர்ஜ் மட்டும்.

ஆனால் லாகின் ஸ்கிரிப்டோடு கதை முடிவதில்லை. பழைய குனோம் 2-இல் பின்னணியில் ஓடிய செட்டிங்ஸ் டீமனுக்குள் எக்ஸ்ஆர்டிபி என்ற பெயரிலேயே ஒரு பிளகின் இருந்தது. தற்போதைய தீமின் நிறங்களை எடுத்து, "#டிஃபைன் பேக்கிரவுண்ட் இன்ன நிறம்" என்று வரிகளாக எழுதி, அதன் கீழே மோட்டிஃப், ஈமேக்ஸ் போன்ற பழைய நிரல்களுக்கான .ஏடி கோப்புகளை ஒட்டி, உங்கள் .எக்ஸ்ரிசோர்சஸையும் சேர்த்து எக்ஸ்ஆர்டிபிக்குக் குழாய் வழியாக ஊற்றியது. குனோம் 2-இன் வாரிசான மாட்டே அந்தப் பிளகினையும் சுவீகரித்துக்கொண்டது. கேடிஇயிலும் கேஆர்டிபி என்று இதற்கு ஓர் இரட்டைப்பிறவி. "க்யூட்டி அல்லாத நிரல்களுக்கும் இந்த நிறங்களைப் பயன்படுத்து" என்று முன்பு இருந்த பெட்டியை டிக் செய்தால் பின்னால் ஓடியது இந்த #டிஃபைன் சமையல்தான்.

அப்புறம் யார் கடைசியாக எழுதுகிறார்கள் என்ற பிரச்சினை. எழுத்துரு பெரிதாகத் தெரியட்டும் என்று எக்ஸ்எஃப்டி.டிபிஐ 120 என்று உங்கள் கோப்பில் போட்டிருப்பீர்கள். லாகின் ஸ்கிரிப்ட் அதைச் சரியாகவே ஏற்றும். ஒரு நொடி கழித்து குனோமின் ஜிஎஸ்டி-எக்ஸ்செட்டிங்ஸ் என்ற பின்னணி நிரல் எழுந்து, தன்னிடமிருக்கும் எக்ஸ்எஃப்டி மதிப்புகளை அதே ரிசோர்ஸ்_மேனேஜரில் எழுதிவிடும். உங்கள் 120 போய்விட்டது. கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவும் தன் டிபிஐ, கர்சர் விவரங்களை இப்படித்தான் எழுதுகிறது. அங்கெல்லாம் கோப்பைத் திருத்திப் பயனில்லை, அந்தந்த டெஸ்க்டாப்பின் அமைப்புப் பலகையில் மாற்றினால்தான் நிற்கும்.

இதிலிருந்து இன்னொரு பழைய புதிருக்கும் விடை கிடைக்கிறது. .எக்ஸ்டிஃபால்ட்ஸ் என்ற மூத்த கோப்பு சில கணினிகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. சர்வரில் ரிசோர்ஸ்_மேனேஜர் இல்லாவிட்டால் மட்டுமே எக்ஸ் நூலகம் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும். யாராவது, எதற்காகவாவது, ஒரே ஒரு வரியை எக்ஸ்ஆர்டிபி வழியாக ஏற்றிவிட்டால் அன்றோடு .எக்ஸ்டிஃபால்ட்ஸுக்கு வேலை போய்விடும். டெஸ்க்டாப் டிபிஐயை எழுதினாலே போதும். அதனால் அதில் எதையும் வைக்காதீர்கள்.

எக்ஸ்ஆர்டிபியை விட்டுவிட்டால் டெஸ்க்டாப்புகளின் சொந்தக் கோப்புகள் வேறு உலகம். குனோமில் பிரிபிராசசிங் என்ற பேச்சே இல்லை. உங்கள் அமைப்புகள் .கான்ஃபிக் அடைவுக்குள் டிகான்ஃப்/யூசர் என்ற ஒரே பைனரி கோப்பில் இருக்கின்றன. நிரல்கள் அதை நேரடியாக நினைவகத்தில் விரித்துப் படிக்கும். எழுதுவது மட்டும் டிகான்ஃப்-சர்வீஸ் என்ற நிரல் வழியாக. எடிட்டரில் திறந்து திருத்துவதற்கு வழியில்லை. "டிகான்ஃப் டம்ப்" போட்டு உரையாக எடுத்து, திருத்தி, "டிகான்ஃப் லோட்" போட்டு உள்ளே தள்ளலாம். எனக்கு இந்த வடிவம் பிடிக்காது, ஆனால் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் வகைப் பிழை அங்கே வரவே வராது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

கேடிஇ நேர் எதிர். எல்லாமே உரைக் கோப்புகள், அடுக்கடுக்காகப் படிக்கப்படும்: முதலில் /இடிசி/எக்ஸ்டிஜியில் இருப்பது, அதன்மேல் உங்கள் .கான்ஃபிக்கில் இருப்பது. நிர்வாகி ஒரு மதிப்பின் பெயருக்குப் பின்னால் [$ஐ] போட்டுவிட்டால் அதற்கு மேலே நீங்கள் எழுதுவது செல்லாது. [$இ] போட்டால் மதிப்புக்குள் இருக்கும் $ஹோம் போன்ற சூழல் மாறிகளை, இந்தக் கோப்புகளைப் படிக்கும் கேகான்ஃபிக் நூலகம் விரித்துக் கொடுக்கும். இதுவும் ஒரு பிரிபிராசசர்தான், சிறியது. முன்பெல்லாம் அது மாறியோடு நிற்கவில்லை. $( ) அடைப்புக்குள் ஒரு ஷெல் கட்டளையை எழுதினால் அதை ஓட்டி, வந்த விடையை மதிப்பாக வைத்தது. 2019 ஆகஸ்டில் இதன் விபரீதம் வெளியே வந்தது. கேடிஇயில் .டெஸ்க்டாப், .டைரக்டரி கோப்புகளையும் இதே நூலகம்தான் படிக்கிறது. யாரோ அனுப்பிய ஜிப் கோப்பை விரித்து, அந்த அடைவைக் கோப்பு மேலாளரான டால்ஃபினில் திறந்து பார்த்தாலே போதும். ஐகான் எது என்று தெரிந்துகொள்ள .டைரக்டரி கோப்பு படிக்கப்படும், ஐகான் வரியில் ஒளிந்திருக்கும் கட்டளை ஓடிவிடும். எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டாம். அந்தக் குறைபாட்டுக்கு சிவிஇ-2019-14744 என்று எண் கொடுத்தார்கள். கேடிஇ ஃபிரேம்வொர்க்ஸ் 5.61-இல் கட்டளை ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டார்கள். மாறிகளை விரிப்பது மட்டும் இன்றும் உண்டு.

எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் எப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். வேலண்ட் நிரல்களுக்கு இந்த ரிசோர்ஸ்கள் எதுவும் தெரியாது. எக்ஸ்டெர்ம் போன்ற பழைய நிரல்கள், வேலண்டுக்குள் எக்ஸ் சர்வராக ஓடும் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும்போது அவற்றுக்கு மட்டும் தேவை. குனோமில் எக்ஸ்வேலண்ட் தேவைப்படும்போதுதான் எழும். எழும்போது /இடிசி/எக்ஸ்டிஜி/எக்ஸ்வேலண்ட்-செஷன்.டி அடைவில் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ஓடும். .எக்ஸ்ரிசோர்சஸை ஏற்றும் ஸ்கிரிப்டும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது உங்கள் அலுவலகக் கணினிக்கு என்ன வழி? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, ஐ3 அமைப்புக் கோப்பில் எக்ஸெக் (கட்டளையை ஓட்டும் வரி) போட்டு எக்ஸ்ஆர்டிபியை மறுபடி ஓட்டிவிடலாம் என்பது. எக்ஸ்டெர்முக்கு அது சரியாக வரும். ஆனால் சன்னல் ஓர நிறங்களும் போய்விட்டன என்கிறீர்கள், அதாவது ஐ3 அமைப்பில், நிறத்தை ரிசோர்ஸிலிருந்து எடுக்கும் செட்_ஃபிரம்_ரிசோர்ஸ் வரிகள் வைத்திருக்கிறீர்கள். ஐ3 அந்த வரிகளைப் படிப்பது கோப்பை அலசும்போது. எக்ஸெக் வரிகள் ஓடுவது அலசி முடித்த பிறகு. நீங்கள் எக்ஸ்ஆர்டிபியைக் கூப்பிடும் நேரத்தில் ஐ3 தன் நிறங்களை முடிவு செய்துவிட்டிருக்கும். ஒருமுறை ரீலோட் செய்தால் வரும், ஆனால் தினமும் லாகின் செய்ததும் ரீலோடா? குனோம், பிளாஸ்மாவில் இருப்பவர்கள் .கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் அடைவில் ஒரு .டெஸ்க்டாப் கோப்பு வைக்கலாம். அங்கே எக்ஸெக் வரியில் ~ போட்டால் விரியாது, அது ஷெல் இல்லை. முழுப் பாதையை எழுத வேண்டும்.

/இடிசிக்குள் போய் -நோசிபிபியை அழித்துவிடலாமே என்றும் தோன்றும். அலுவலகக் கணினியில் அதற்கு அனுமதி கிடைக்குமா என்பது ஒரு பக்கம். கிடைத்தாலும், உங்கள் ஒருவருடைய நிறத்துக்காக அந்தக் கணினியில் லாகின் செய்யும் எல்லாருடைய கோப்பும் சிபிபி வழியாகப் போகத் தொடங்கும். மேலே சொன்ன /* கதை அவர்களில் யாருக்காவது நடக்கலாம்.

நான் செய்வது வேறு. லாகின் ஸ்கிரிப்ட் தேடும் பெயரில் #டிஃபைன் உள்ள கோப்பை வைப்பதே இல்லை. மூலக் கோப்பை .கான்ஃபிக்குக்குள் வேறு பெயரில் வைத்திருக்கிறேன். அதில் மேக்ரோ, #இன்க்ளூட் எல்லாம் உண்டு. திருத்தும்போதெல்லாம் "சிபிபி -பி -அன்டெஃப்" ஓட்டி, விரிந்த வடிவத்தை .எக்ஸ்ரிசோர்சஸில் எழுதிவிடுவேன். ஆங்கிலப் பெரிய பி போட்டால் சிபிபி இடையில் செருகும் வரியெண் குறிப்புகள் வராது. -அன்டெஃப் போட்டால் அந்த "லினக்ஸ்" மாதிரி முன்கூட்டி அறிவித்த மேக்ரோக்கள் ஒதுங்கிவிடும். இதில் விட்த், கலர் போன்ற திரை மேக்ரோக்கள் கிடைக்காது. அவை வேண்டுமென்றால் சிபிபிக்குப் பதில் "எக்ஸ்ஆர்டிபி -என்" தருவதை எடுத்து எழுதுங்கள், ஆனால் அந்தக் கோப்பு அந்த ஒரு திரைக்குத்தான் பொருந்தும். நிறங்கள் மட்டும்தான் உங்கள் கவலை என்றால் முதல் வழியே போதும். விரிந்த கோப்பில் # எண்கள் மட்டுமே இருக்கும். டெபியனில் சிபிபி வழியாகப் போனாலும், ஃபெடோராவில் போகாவிட்டாலும் ஒரே விடைதான், அதுவும் ஐ3 எழுவதற்கு முன்பே.

சோதிக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். -மெர்ஜ் பழைய மதிப்புகளை அழிப்பதில்லை. கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்கிவிட்டு மெர்ஜ் செய்தால், நீக்கிய வரி சர்வரில் அப்படியே இருக்கும். எடுத்தும் போகவில்லையே என்று குழம்புவீர்கள். -லோட் போட்டால் அது போகும், ஆனால் அதோடு சேர்த்து டெஸ்க்டாப் எழுதி வைத்த டிபிஐ, கர்சர் எல்லாம் போகும். வெளியேறி, திரும்ப உள்ளே வந்து, ஒரு புது எக்ஸ்டெர்மைத் திறந்து, "எக்ஸ்ஆர்டிபி -குவெரி" பாருங்கள். ஃபோர்கிரவுண்டுக்கு எதிரே #839496 நின்றால் வேலை முடிந்தது.